சோதனையாளர் அவர்களின் ஆட்சேபம்

யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கும் இடத்தில் ஒரு எழுத்தைத் திருத்துவதுதான் உலகத்திலேயே கடினமான காரியம். இது டயாலிசிஸ் டெக்னீஷியனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் தன் பாட்டுக்கு மெஷின்களைக் கழுவிக்கொண்டு, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துவிட்டு வரும் நோயாளிகளைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

அவர் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு மாடியின் கோடியில் இருந்தது. வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கொரு மெஷின், கதவருகே ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர். எந்த நோயாளிக்கு எவ்வளவு எடை இறக்க வேண்டும், யாருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று விழும், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதற்குள் இருந்தன. பஸ் ஓட்டுநர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். ரத்தத்தை வடிகட்டும் குழாய்களில் ஒரு ரகம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை விவரம் தெரியாத நர்ஸ் அதை மாட்டிவிட, மனிதர் மூச்சு முட்டிப் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பெயரைத் திறந்தாலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும்படி டெக்னீஷியன் செய்து வைத்தார். நர்ஸுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு எழுத்து இருந்தவரை அவருக்குப் பயமில்லை.

இதற்கெல்லாம் பயன்பட்ட மென்பொருள் இலவசமானது. ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து உருவாக்கியது. அதன் நிரலை, அதாவது புரோகிராம் வரிகளை, யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். மென்பொருளின் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டித் தரவுத்தளம் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தனியாக சர்வர் வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம். கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டபோது திருப்பிக் கொடுக்கும். அதைச் செய்தவர்கள் கூட்டமைப்பைச் சேராத வேறு யாரோ. ஒரு நாள் அவர்கள், தங்கள் தரவுத்தளத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம், இனி யாரும் அதை நம்பி இருக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டுக் கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற தரவுத்தளம் பழைய கம்ப்யூட்டரில் எப்படியோ ஓடியது. புதுக் கம்ப்யூட்டரில் திறக்கவே மறுத்தது. பழைய கம்ப்யூட்டரோ காலையில் எழுப்பினால் முனகியது, இருமியது, சில நாள் எழுந்திருக்கவே யோசித்தது. மேனேஜர் புதிது ஒன்றை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார். அதில் இந்த மென்பொருள் ஓடவில்லை என்று டெக்னீஷியன் சொன்னபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அதிகாரபூர்வமா வெளிவந்தத மட்டும் போடுங்க. கண்டவன் எழுதினதப் போட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, யார் மேல பழி போடறதுன்னே எனக்குத் தெரியாது."

டெக்னீஷியனின் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரிடம் டெக்னீஷியன் கையைப் பிசைந்தார். மச்சினன் கை கழுவிவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மாலை டீ வருவதற்குள் பழைய தரவுத்தளத்தைக் கழற்றிவிட்டு, இன்றைக்கும் உயிரோடு இருக்கிற வேறொன்றைப் பொருத்தி, இருந்த விவரங்களை எல்லாம் அதற்கு மாற்றிக் காட்டிவிட்டார். புதுக் கம்ப்யூட்டரின் திரையில் பஸ் ஓட்டுநரின் பெயரும் அதன் கீழே சிவப்பு எழுத்தும் வந்தன. டெக்னீஷியனுக்கு மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாப்பிள்ளை, இதை அப்படியே கூட்டமைப்புக்கு அனுப்பிவிடு, அவர்கள் அதிகாரபூர்வமாக வெளியிட்டுவிடுவார்கள் என்றார்.

மச்சினனின் முகம் மாறியது.

"எழுதித் தந்துட்டேன் மாமா. அங்க கொண்டுபோய்க் குடுக்கறத மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. ஒரு தடவ ஒரு எழுத்துப்பிழையத் திருத்தலாம்னு போனேன். போனப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. இப்ப பையன் ஸ்கூலுக்குப் போறான். பிழை அங்கயே இருக்கு."

டெக்னீஷியன் இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். உயிர் காக்கும் மென்பொருளை ஊதியம் வாங்காமல் எழுதுகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று அவர் மனதுக்குள் ஒரு படம் போட்டு வைத்திருந்தார். தானே அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

அனுப்பிய உடனே கைதட்டும் படத்துடன் ஒரு வாழ்த்து வந்தது. உங்கள் பங்களிப்பைக் கொண்டாடுகிறோம் என்றது. அதன் கீழே, திருத்தம் அனுப்புமுன் முன்மொழிவு அனுப்ப வேண்டும் என்றும், முன்மொழிவுக்கு முன்னால் அறிமுகக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்றும், அதற்கும் முன்னால் நடத்தை விதிகளைப் படித்து மனதார ஏற்க வேண்டும் என்றும் இருந்தது. மனதார என்பதற்கு ஒரு கட்டம், ஏற்பதற்கு ஒரு கட்டம். டெக்னீஷியன் எல்லாவற்றிலும் குறியிட்டு உறுப்பினரானார். எல்லாக் குறிப்பையும் அனுப்பிவிட்டு டீயை வாயில் வைத்தார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'ஏற்க இயலாது. இப்படிக்கு, சோதனையாளர்.'

டெக்னீஷியனுக்கு ஏமாற்றத்தைவிட மரியாதைதான் அதிகமாக வந்தது. எந்த ஆபீசில் இவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறார்கள்? கறாரான மனிதர், ஆனால் கடமையில் கண்ணாக இருக்கிறார் என்று மனைவியிடம் புகழ்ந்தார். திருத்தத்தோடு ஒரு கடிதமும் சேர்த்து மறுபடி அனுப்பினார். மதிப்பிற்குரிய சோதனையாளர் அவர்களுக்கு என்று தொடங்கி, பஸ் ஓட்டுநர் மூச்சு முட்டிய கதையை உருக்கமாக எழுதியிருந்தார். ஏற்க இயலாது என்று வந்தது. ஒருவேளை நம் எழுத்தில் பணிவு போதவில்லையோ என்று இன்னும் பணிந்து எழுதினார். ஏற்க இயலாது. ஓட்டுநருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று எழுதினார். அதற்கும் அதே பதில்தான். பண்டிகை நாளில்கூட அந்த மனிதர் உட்கார்ந்து வேலை பார்க்கிறாரே, வீடு வாசல் இல்லையா என்று டெக்னீஷியன் அவருக்காக வருத்தப்பட்டார்.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஆளுக்கு வேற வார்த்தையே தெரியாதா?" என்றாள்.

அடுத்த வாரம் வந்த மச்சினன் இந்தக் கடிதங்களைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. சோதனையாளர் மனிதரே அல்ல. யாராவது தரவுத்தளத்தைத் தொட்டுத் திருத்தம் அனுப்பினால் அதை ஓட்டிப் பார்ப்பதற்காக யாரோ எப்போதோ எழுதி வைத்த ஒரு சின்ன புரோகிராம். ஓட்டுவதற்கு முன் அது பழைய தரவுத்தளக்காரர்களின் இணையதளத்தில் போய் ஒரு கோப்பைக் கேட்கும். அவர்கள்தான் கடையைக் கட்டிவிட்டார்களே.

"கதவே இல்லாத இடத்துல போய்த் தட்டுது மாமா. யாரும் திறக்க மாட்டாங்க. திறக்கலன்னா ஏற்க இயலாதுன்னு எழுதிடும். உங்க கடுதாசிய அது பிரிச்சே பார்க்கல."

டெக்னீஷியனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் இவர்கள் என்று ஒரு புரோகிராமுக்கு உருகி உருகி எழுதியிருக்கிறோமே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. மனிதர் என்றால்தான் காலைப் பிடிக்க வேண்டும். புரோகிராம் என்றால் நிறுத்திவிட்டால் போயிற்று. அவர் உடனே கூட்டமைப்பின் நடைமுறைச் செயலாளருக்கு எழுதினார்.

இந்தச் செயலாளர் மென்பொருளில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் கூட்டமைப்பின் விதிகளில் அவர் கைபடாத காற்புள்ளி கிடையாது. அவர் வீடியோவில் வந்து பொறுமையாக விளக்கினார். கூட்டமைப்பின் பக்கத்தில் யார் எதை எழுத வேண்டுமென்றாலும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் சோதனையாளரும் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தால், அவருடைய மனம் திருப்தி அடையும்வரை அந்தத் திருத்தத்தை ஏற்கக் கூடாது. இது அடிப்படை விதி. இதை மாற்ற வேண்டுமானால் எல்லா உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும், சோதனையாளர் உட்பட.

டெக்னீஷியன் தலையைச் சொறிந்தார். அது புரோகிராம்தானே என்று மெதுவாகக் கேட்டார். செயலாளர், கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோலக் கண்ணை மூடித் திறந்தார். உறுப்பினர் ஒருவரைப் பற்றி இன்னொருவர் இப்படிப் பேசுவது வருத்தமளிக்கிறது என்றும், இதை இந்த ஒரு முறை குறிப்பில் ஏற்றாமல் விடுவதாகவும் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த வம்புக்கெல்லாம் மூலம் ஒரு விகுதி. அந்தப் புரோகிராமுக்குப் பெயர் வைத்தவர் சோதனைப்பொறி என்று வைத்திருந்தால் அதை எவரும் அது என்றுதான் சொல்லியிருப்பார்கள். போகிற போக்கில் சோதனையாளர் என்று வைத்துவிட்டார். ஆளர் என்று வந்துவிட்டால் அடுத்து அவர் என்றுதான் சொல்ல வாய் வருகிறது. அவர் என்று சொல்லிவிட்டால் அவருக்கு மனம் உண்டு, கௌரவம் உண்டு, புண்படும் உரிமையும் உண்டு. கூட்டமைப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரை எங்கோ தொலைவில் இருக்கும் கொஞ்சம் முசுடான, மிகத் திறமையான ஒரு பெரியவர் என்றே நம்பினார்கள். மீதிப் பேருக்கு உண்மை தெரியும். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடமாக அவரோடு கலந்தாலோசித்ததாக அறிக்கைகளில் எழுதியவர்கள் இவர்கள்தான்.

விஷயம் தலைவரிடம் போனது. கூட்டமைப்பு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். வீடியோவில் அவர் முகத்துக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியும், புத்தகத்தின் முதுகுகள் எல்லாம் ஒரே உயரம். அவர் ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டி உரையாற்றினார்.

"நம்ம கூட்டமைப்புல எந்தக் குரலும் நசுக்கப்படக் கூடாது. நான் இத்தன வருஷமா வேற யாரையும் தலைவரா வரவிடாம பார்த்துக்கறதே அதுக்காகத்தான். சோதனையாளர் நம்மோட மூத்த உறுப்பினர். நம்மள்ல யாரு ஒவ்வொரு திருத்தத்தையும் தவறாம பார்க்கறோம்? நான் பார்க்கறதில்ல. எனக்கு நேரமில்ல. அவர் பார்க்கறாரு."

சமரசத்துக்கு ஒரு குழு போடப்பட்டது. குழுவின் தலைவி ஒரு நல்லிணக்க ஆலோசகர். கம்பெனிகளில் சண்டை போட்டுக்கொண்டவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேசவைப்பது அவர் தொழில். அவர் நிரலில் தரவுத்தளம் இருக்கும் பகுதியிலேயே ஒரு குறிப்பாக, இந்த மாற்றம் உங்களுக்குள் எத்தகைய உணர்வை எழுப்புகிறது என்று சோதனையாளரைக் கேட்டு எழுதினார். ஏற்க இயலாது என்று வந்தது. ஆலோசகர் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீண்ட அறிக்கை ஒன்று தயாரித்தார். சோதனையாளர் ஆழமாகக் காயப்பட்டிருக்கிறார், பல வருடம் கூடவே உழைத்த தரவுத்தளத்தைக் கழற்றி எறிவதை இழப்பாக உணர்கிறார், போதாக்குறைக்குப் புரோகிராம் என்று வேறு இழிவுபடுத்தப்பட்டிருக்கிறார். ஆகவே டெக்னீஷியன் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இந்த நாட்களில் பழைய கம்ப்யூட்டரின் உடம்பு மோசமாகிக்கொண்டே போனது. டெக்னீஷியன் ஒரு மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். காலையில் முதல் ஷிப்ட் நோயாளிகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க, அவர் திரையைப் பார்த்தபடியே நிற்பார். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிவைக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அவர் எழுதாமலா இருப்பார்? எடையும் மருந்தும் வாரத்துக்கு வாரம் மாறின. பஸ் ஓட்டுநரின் கட்டிலில் ஒட்டிய எச்சரிக்கையைத் தரை துடைக்க வந்தவர் பழைய ஸ்டிக்கர் என்று கிழித்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு டெக்னீஷியன் கத்திய கத்தலில் ஓட்டுநரே எழுந்து உட்கார்ந்து, விடுங்க தம்பி, எனக்கு ஒண்ணும் ஆகல என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே அவர் மானத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதித் திருத்தத்தோடு சேர்த்து அனுப்பினார். ஏற்க இயலாது என்று வந்தது. ஆலோசகர் வியந்துபோனார். மன்னிப்பில் உண்மையான மனவருத்தம் இல்லை என்பதைச் சோதனையாளர் படித்த மாத்திரத்தில் கண்டுகொண்டார் என்று அறிக்கையில் ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்.

கடைசி நம்பிக்கையாக ஆண்டு மாநாடு இருந்தது. டெக்னீஷியன் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டார். நேரில் போய்ப் பேசினால் மனிதர்களுக்குப் புரியாமல் போகாது என்றார். மச்சினன் பஸ் ஏற்றிவிட வந்து, ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாநாட்டு அரங்கில் எல்லோர் கழுத்திலும் அட்டை தொங்கியது. அட்டையில் அவரவர் பொறுப்பு. வரவேற்புக் குழு, வரவேற்புக் குழு மேற்பார்வை, நன்றியுரைத் துணைக்குழு என்று போட்டிருந்தது. நிரல் எழுதுகிறவர் என்று போட்ட அட்டையை டெக்னீஷியன் தேடித் தேடிப் பார்த்தார், ஒருவர் கழுத்திலும் இல்லை. காலை அமர்வின் தலைப்பு, மென்பொருளைப் பராமரிப்பவர்களின் களைப்பு. பேசியவர்கள் யாரும் எதையும் பராமரித்தவர்களாகத் தெரியவில்லை, ஆனால் மிகவும் களைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் சோதனையாளர் என்ற அட்டையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். அவர் பெரிய கூட்டங்களுக்கு வருவதில்லை, விளம்பரம் பிடிக்காதவர் என்று பக்கத்தில் இருந்தவர் பயபக்தியோடு சொன்னார்.

மதியம் டெக்னீஷியனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மேடையில் பேசிப் பழகியவர் அல்ல. மைக்கை வாய்க்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, தன் பிரிவைப் பற்றியும் பழைய கம்ப்யூட்டரைப் பற்றியும் பஸ் ஓட்டுநரைப் பற்றியும் சொன்னார். அரங்கம் அமைதியாகக் கேட்டது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெக்னீஷியனுக்குத் தைரியம் வந்துவிட்டது. திருத்தம் தயாராக இருக்கிறது, அது ஒரு புரோகிராம்தான், அதை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

தலைவர் எழுந்தார். "மன்னிக்கணும். யார 'அது'ங்கறீங்க?"

டெக்னீஷியன் காலி நாற்காலியைக் காட்டினார்.

அரங்கில் ஒரு முனகல் ஓடியது. நாங்கள் எல்லோரையும் அவர் என்றுதான் சொல்வோம், இது எங்கள் பண்பாடு, நடத்தை விதியின் முதல் பத்தியே அதுதான் என்று தலைவர் ஏற்ற இறக்கத்தோடு விளக்கினார். சொல்லைத் திருத்திக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம் என்று செயலாளர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு சொல். அவர் என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கலாம். பணிந்து பணிந்து கடிதம் எழுதிய மனிதர்தான். ஆனால் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் டெக்னீஷியனுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எங்க பிரிவுல மெஷின் நின்னா ஆள் போயிடுவாங்க. அதையே நாங்க 'அது'ன்னுதாங்க சொல்றோம்."

யாரோ ஒருவர் கைதட்டினார். தான் மட்டும்தான் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு குளிருகிறது என்றார்.

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலைமைப் பண்பு என்றால் அதுதான். டெக்னீஷியனின் தோளில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே, இந்தச் சகோதரரின் வலியை நாம் தீர்க்காமல் விடக் கூடாது என்றார். நாம் எல்லோரும் தப்பான இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

"ஓய்வு பெற்ற தரவுத்தளத்துக்குப் பதிலா இன்னொண்ணு வைக்கணும்னுதான் இவ்வளவு மனக்கசப்பு. சரி, ஓய்வே பெறலன்னா? அத செஞ்சவங்க ஓய்வு குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம அனுமதி வாங்கினாங்களா? வாங்கல. அப்ப அந்த ஓய்வு நம்மைக் கட்டுப்படுத்தாது."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தரவுத்தளத்தின் ஓய்வு செல்லாது என்று அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டுக் கூட்டமைப்பின் பக்கத்தில் ஏற்றப்பட்டது. தீர்மானம் வெறும் சொற்கள்தான், தரவுத்தளப் பகுதியை அது தொடவில்லை. தொடாதவற்றுக்குச் சோதனையாளர் வேறு பதில் எழுதுவார் என்பதை அதுவரை யாரும் கவனித்ததில்லை. பெரிய திரையில் அவருடைய வரி வந்தது.

'ஆட்சேபம் இல்லை. இப்படிக்கு, சோதனையாளர்.'

ஆலோசகர் விம்மிவிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெக்னீஷியனின் புகாரின் மேல் தீர்ந்தது என்று பச்சை முத்திரை விழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் பிரச்சினை முடிந்துவிட்டதே என்று வாழ்த்தினார்கள். திருத்தம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். பிரச்சினையே இல்லாதபோது திருத்தம் எதற்கு என்று செயலாளர் அன்பாகக் கேட்டார்.

அவர் திரும்பி வந்த வாரமே பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. விசிறியைத் திருப்பினார், தட்டினார், பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டில்கள் நிறைந்திருந்தன. புதிதாகச் சேர்ந்த நர்ஸ், பஸ் ஓட்டுநரின் கட்டிலருகே கையில் வடிகட்டியோடு நின்றுகொண்டு, இதைப் போடலாமா என்று கேட்டாள். கையில் இருந்தது ஆகாத ரகம். ஓட்டுநரின் விஷயம் டெக்னீஷியனுக்கு மனப்பாடம், ஓடிப்போய்ப் பிடுங்கி வைத்தார். ஆனால் மற்ற கட்டில்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடமா? லீவில் இருந்த நாட்களில் யாருக்கு எந்த மருந்து மாறியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேனேஜரின் நிபந்தனையை நினைத்தார். பிறகு நினைப்பதை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் மச்சினன் எழுதியதைப் போட்டார். ஆஸ்பத்திரியின் அன்றாடச் சேமிப்பு நகலிலிருந்து முந்தின நாள் மாலைவரை எல்லா விவரமும் வந்தது. சிவப்பு எழுத்தும் வந்தது.

இத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கூட்டமைப்பின் மேல் இன்னும் ஒரு ஓரத்தில் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. திருத்தம் நன்றாக ஓடுகிறது, உங்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும் என்று சந்தோஷமாக எழுதிப் போட்டார். பணியில் உள்ள தரவுத்தளத்தை அனுமதியின்றி அகற்றி வேறொன்றை அமர்த்திய குற்றத்துக்காக அவரைக் கூட்டமைப்பிலிருந்து நீக்கும் தீர்மானம் மறுநாளே வந்தது. சோதனையாளருக்கு ஆட்சேபம் இல்லை. தன்னை அது என்று சொன்னவர் விஷயத்தில்கூட எவ்வளவு நடுநிலை பாருங்கள் என்று தலைவர் உருகினார். செயலாளர் தனியாக ஒரு ஆறுதல் செய்தி அனுப்பினார். இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஓய்வாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது.

பிறகு கூட்டமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட்டது. நெடுநாளைக்குப் பின் வந்த பதிப்பு. பதிப்பு எண் கூட்டப்பட்டிருந்தது, பங்களித்தோர் பெயர்களிலிருந்து டெக்னீஷியன் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. திறந்தவுடன் திரை முழுக்க ஒரு படம் வந்தது: பல கைகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய படம், கீழே கூட்டமைப்பின் பெயர். இவ்வளவுதான் மாற்றம். படம் போனதும் பழைய தரவுத்தளம் வழக்கம்போலத் திறக்க மறுத்தது.

மேனேஜர் மாடிக்கு ஏறி வந்தார். அதிகாரபூர்வப் பதிப்பு வந்துவிட்டதாமே, இனிமேல் அதையே போடுங்கள், வேறு ஏதாவது போட்டிருந்தால் வேலை போய்விடும், சாயங்காலம் வந்து பார்ப்பேன் என்றார். கட்டில்களில் ஆட்கள் படுத்திருந்தார்கள். டெக்னீஷியன் மச்சினனுக்குப் போன் போட்டார். மச்சினன் இந்த முறை சிரிக்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துத் தான் திருத்திய மென்பொருளின் முகப்பில் பொருத்தி அனுப்பினார். சாயங்காலம் மேனேஜர் வந்தார், அடுக்கிய கைகளைப் பார்த்தார், இதுதான் வேண்டும் என்றார். டெக்னீஷியனுக்கு அவமானமாக இருந்தது. பொய் சொன்னதற்காக அல்ல, அந்தக் கைகளில் ஒன்று தன்னுடையது என்று யாரோ நினைத்துவிடக் கூடாதே என்றுதான்.

மேனேஜருக்கு இலவசமாகக் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் நல்ல பழக்கம் உண்டு. அவர் புதுக் கம்ப்யூட்டரையும் திரையையும் பக்கத்தில் தன்னையும் போட்டோ எடுத்துக் கூட்டமைப்புக்கு அனுப்பினார். தலைவர் அதை முகப்பிலேயே போட்டார். தரவுத்தளம் ஓய்வு பெறவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும், சந்தேகப்பட்டவர்கள் இப்போது எங்கே போனார்கள் என்று கீழே எழுதியிருந்தார். அதைப் பார்த்துப் பல சின்ன ஆஸ்பத்திரிகள் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கின.

ஒரு மதியம் டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் வந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ்.

"உங்க படத்தப் பார்த்துத்தாங்க நாங்களும் அதையே போட்டோம். கை படம் வருது, அப்புறம் எதுவும் திறக்கல. கட்டில் பூரா ஆள் இருக்காங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க திறக்குது?"

டெக்னீஷியன் கதவுக்கு வெளியே பார்த்தார். மேனேஜர் யாரோடோ பேசிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார். இந்த நர்ஸ் ஒருத்தியோடு இது நிற்காது, நாளைக்கு இன்னொருவர் கேட்பார், என்றைக்காவது ஒரு நாள் வெளியே வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. அவர் ரிசீவரைக் கையால் மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மெயில் ஐடி சொல்லுங்க சிஸ்டர், இப்பவே அனுப்பறேன். எங்க மாப்ள எழுதினது, நல்லா ஓடும். ஆரம்பத்துல வர்ற கை படத்த மட்டும் எடுத்துடாதீங்க. அது ஒண்ணுதான் அவங்களோடது."